நொய்யலும் அமராவதியும் மோதிய கடைசிச் சுற்று

போன வாரம் நிவேதா ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் கேட்டால் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இந்த வருட இறுதிப் போட்டியை ஸ்விஸ் முறையில் வைப்பதா, ரவுண்ட் ராபினில் வைப்பதா, எது நல்லது ஆன்ட்டி என்பது கேள்வி. கடைசியில் ஒரு சிரிக்கும் முகம். சாம்பாருக்குத் துவரம்பருப்பா பாசிப்பருப்பா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டிருந்தாள். நானும் அப்படியே ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்ததுதான் மிச்சம். சரி, நடந்ததையே எழுதிவிடுவோம், அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் அவள் அம்மா படித்துச் சொல்லட்டும் என்று இதை ஆரம்பித்தேன்.

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோ என்று ஒரு பலகை விளையாட்டு இருக்கிறது. கறுப்புக் கல்லையும் வெள்ளைக் கல்லையும் மாற்றி மாற்றி வைத்து, யார் அதிக இடத்தை வளைக்கிறார்கள் என்று பார்ப்பது. எதிராளி முழுதும் சுற்றி அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் கல் செத்தது. இதை மனிதர்கள் ஆடுவார்கள். மனிதர்கள் எழுதிய கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்களும் ஆடும். அந்த ப்ரோக்ராம்களை இணையத்தில் ஒன்றோடொன்று மோதவிட்டுப் போட்டி நடத்துவதுதான் என் உத்தியோகம். ரோபோக்கள் சண்டை போடுவதை வேடிக்கை பார்க்கவா உனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று என் மகன் ஆங்கிலத்தில் கேட்பான். வேடிக்கை பார்ப்பது பாதி வேலைதான். எதை எதோடு, எந்த வரிசையில் மோதவிடுவது என்று முடிவு செய்வது மீதிப் பாதி. அந்தப் பாதியில்தான் தலைவலி.

பொள்ளாச்சியிலிருந்து நான் அமெரிக்கா வந்தது, டெலிகாம் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலை பார்த்தது, அது மூடியபோது மற்றவர்களோடு நானும் வீட்டுக்கு வந்தது எல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான். அதை விடுங்கள். வேலை தேடிக்கொண்டிருந்தபோது ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு இந்திய மளிகைக் கடையின் மாடியில் ஒரு சின்னக் கம்பெனி ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இணையத்தில் பலகை விளையாட்டுகள் நடத்துகிறவர்கள். கீழே கடையில் முறுக்கு சுடும் நாட்களில் மாடியில் யாருக்கும் வேலை ஓடாது. கோ என்ற பெயரையே நான் அங்கேதான் முதலில் கேட்டேன். கற்றுக்கொண்டேன், ஆனால் கடைசி வரை நன்றாக ஆட வரவில்லை. சமையல் தெரியாமல் கல்யாண மண்டபம் நடத்துகிறவர்கள் இல்லையா, அப்படி நடத்தினேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஹமீது. கீழக்கரைக்காரர், என்னைவிட வயதில் இளையவர். சார் என்று கூப்பிடாதீர்கள் என்று கொஞ்ச காலம் சொல்லிப் பார்த்தார், நான் விடவில்லை, அவர் விட்டுவிட்டார். பால் கலக்காத இஞ்சி டீயை ஃப்ளாஸ்கில் கொண்டுவருவார். ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். நாம் பதில் சொல்லும் வரை டீ குடித்துக்கொண்டிருப்பார். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லித் தொலைக்கலாமே என்று வீட்டில் வந்து புலம்பியிருக்கிறேன்.

நான் நடத்திய முதல் போட்டியை நாக்-அவுட் முறையில் வைத்தேன். டென்னிஸ் பார்த்த பழக்கம். தோற்றால் வெளியே, ஜெயித்தால் அடுத்த சுற்று. சீக்கிரம் முடிந்துவிடும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற கணக்கு. எங்கள் போட்டிகளில் ப்ரோக்ராமை எழுதியவர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே அதை எங்கள் சர்வரோடு இணைப்பார்கள். ஆட்டம் நடக்கும்போது எல்லோரும் ஒரு சாட் அறையில் கூடியிருப்பார்கள். சுற்று தொடங்குமுன் எதிராளிக்கு வாழ்த்துச் சொல்வதும், முடிந்ததும் நன்றி சொல்வதும் அங்கே எழுதாத சட்டம். அன்றைக்கு ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். முதல் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு இணையம் போய்விட்டது. நேரம் தீர்ந்து தோல்வி. நாக்-அவுட், ஆகவே போட்டியிலிருந்தே வெளியே. இணையம் திரும்பி வந்ததும் அவரும் திரும்பி வந்தார். கோபப்படவில்லை. சாட் அறையில் கடைசி ஆட்டம் வரை உட்கார்ந்து மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஹமீது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இந்தப் போட்டி முடிஞ்சதும் நமக்கு என்ன தெரியணும்னு வெச்சீங்க, கலாமணி?"

எந்த ப்ரோக்ராம் நல்லது என்று தெரிய வேண்டும் என்றேன். இப்போது தெரிந்ததா என்று கேட்டார். யார் வீட்டு இணையம் மோசம் என்று தெரிந்தது என்றேன். அவர் சிரித்துவிட்டு எனக்கும் ஒரு கப் டீ ஊற்றினார். அதோடு என் நாக்-அவுட் ஆசை தீர்ந்தது.

அடுத்து ஸ்விஸ் முறைக்கு மாறினேன். அதில் யாரும் வெளியே போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி எடுத்தவர்களை ஜோடி சேர்ப்போம். வலுவானவை மேலே ஒன்றோடொன்று மோதும், நோஞ்சான்கள் கீழே ஒன்றோடொன்று மோதும். இணைப்பு அறுந்து போனவரும் அடுத்த சுற்றில் வந்து சேர்ந்துகொள்ளலாம். நிறையப் பேர் வரும் மாதாந்தரப் போட்டிக்கு இதைவிடத் தோதான முறை கிடையாது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே ஆள் எழுதிய, அல்லது ஒரே அடிப்படையிலிருந்து வந்த இரண்டு ப்ரோக்ராம்கள் இருந்தால், அவற்றை உறவுக்கார ப்ரோக்ராம்கள் என்று குறித்துவைத்தால் போதும். ஒன்றோடொன்று ஜோடி சேராமல் பார்த்துக்கொள்ளலாம். உறவுக்காரர்கள் விட்டுக்கொடுத்து ஆடிவிடக் கூடாதே என்பதற்காக வைத்த ஏற்பாடு.

ரவுண்ட் ராபின் என்பது எல்லோரும் எல்லோரோடும் ஆடித் தீர்ப்பது. ஆள் குறைவாக இருந்தால்தான் முடியும். அதில் யாரும் யாரையும் தவிர்க்க முடியாது.

இப்போது நான் சொல்ல வந்த ஆண்டின் இறுதிப் போட்டிக்கு வருகிறேன். எல்லோரும் இணையத்தில் எங்கிருந்தோ ஒரே ரெடிமேட் மூளையை டவுன்லோட் செய்து, மேலே பெயர் மட்டும் மாற்றி ஒட்டுகிற காலம் வருவதற்கு முன்னால் நடந்தது இது. அப்போதெல்லாம் ஒவ்வொரு ப்ரோக்ராமும் யாரோ ஒருவர் ஒவ்வொரு வரியாகக் கையால் எழுதி வளர்த்த பிள்ளை.

நொய்யல் என்று ஒரு ப்ரோக்ராம் எங்கள் போட்டிகளுக்கு வந்துகொண்டிருந்தது. எழுதியவர் பெயர் பிரபாகர், நியூ ஜெர்சி. ஆற்றின் பெயரைப் பார்த்ததுமே நம் ஊர்ப் பக்கம் என்று தெரிந்துவிட்டது, திருப்பூர்க்காரர். உண்மையில் அதை எழுதியது அவரும் அவர் மனைவி சுகந்தியுமாக. சுகந்தி கரூர்ப் பெண். கணவனோடு டிபென்டென்ட் விசாவில் வந்தவள், வேலைக்குப் போகக் கூடாது. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்தவள், பொழுதுபோக்காக ஆரம்பித்து அந்த ப்ரோக்ராமில் முழுகிவிட்டாள். எங்களிடம் பதிவு செய்யும்போது அவள் பெயரைப் போடவில்லை. பத்துப் பைசா வருமானம் இல்லாத ப்ரோக்ராம்தான், ஆனாலும் வேலை செய்ததாக யாராவது சொல்லி விசாவுக்கு வம்பாகிவிடுமோ என்று பயம். கிரீன் கார்டு வரும் வரை மூச்சு விடுவதற்குக்கூட வக்கீலைக் கேட்கிற ஜனங்கள் நாம். பிரபாகர் பெயர் மட்டும் போனது. இதையெல்லாம் பின்னால்தான் சுகந்தி எனக்குச் சொன்னாள்.

கிரீன் கார்டு வந்தது. அதற்குப் பிறகு இருவரும் பிரிந்துவிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சுகந்தி டெக்சாஸில் ஆலனில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து அமராவதி என்று தன் ஊர் ஆற்றின் பெயரில் ஒரு ப்ரோக்ராமை எங்கள் போட்டிகளுக்கு அனுப்ப ஆரம்பித்தாள். முதலில் அடி வாங்கியது, பிறகு தேறியது, அந்த ஆண்டு இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற ஆறில் ஒன்றாக வந்து நின்றது. நொய்யலும் அந்த ஆறில் ஒன்று.

உடனே பிரபாகரிடமிருந்து புகார் வந்தது. அமராவதி தன்னுடைய நொய்யலின் நகல், அதைச் சேர்க்கக் கூடாது என்றார். அப்படியே சேர்த்தாலும் உறவுக்கார ப்ரோக்ராம் என்று குறித்து, இரண்டும் மோதாமல் ஸ்விஸ் முறையில் நடத்துங்கள் என்று கீழே இன்னொரு வரி. சாட் அறையில் சுகந்திக்கு வாழ்த்தும் நன்றியும் சொல்ல அவருக்கு மனமில்லை என்று எனக்குப் பட்டது.

நகலா இல்லையா என்று பார்க்க எங்களிடம் ஒரு நடைமுறை இருந்தது. எழுதியவர்களின் ப்ரோக்ராம் கோடிங்கை நாங்கள் கேட்க மாட்டோம். அது அவரவர் சொத்து. பதிலாக, பலகை நிலைகள் கொஞ்சத்தை இரண்டு ப்ரோக்ராம்களுக்கும் கொடுத்து, அடுத்த கல்லை எங்கே வைப்பாய் என்று கேட்போம். நகல் என்றால் பதில்கள் வரிசையாக ஒத்துப்போகும். நொய்யலுக்கும் அமராவதிக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஒன்று மூலையைப் பிடித்தால் இன்னொன்று நடுவே போய்ச் சண்டை வளர்த்தது. சுகந்தியும் முதல் வரியிலிருந்து தான் தனியாக எழுதியது என்று உறுதி சொல்லியிருந்தாள். நகல் இல்லை என்று ஹமீது எழுதிக் கொடுத்தார். புகார் முடிந்தது.

ஆனாலும் எனக்கு வம்பு வேண்டாம் என்று இருந்தது. இரண்டு பேரும் நம்ம ஊர், புருஷன் பெண்டாட்டியாக இருந்தவர்கள், எதற்கு முகத்துக்கு முகம் நிற்கவைத்துக்கொண்டு? பேசாமல் ஸ்விஸ் வைத்து, தள்ளி வைத்துவிடலாம் என்று நினைத்து, சுகந்தியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். நான் நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. 

"அக்கா, அப்படிப் பண்ணிராதீங்க," என்றாள் சுகந்தி. "எங்களத் தள்ளி வெச்சீங்கன்னா ரெண்டும் ஒரே ப்ரோக்ராம்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. நான் இப்ப வேலைக்கு அப்ளை பண்ணிட்டு இருக்கறேன். இத்தன வருஷம் என்ன பண்ணீங்கன்னு இன்டர்வியூல கேக்கறாங்க. ரெஸ்யூம்ல போடறதுக்கு எனக்கு இது ஒண்ணுதானுங்க்கா இருக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு இது ஒரு ஜோடி சேர்க்கும் பிரச்சினை. அவளுக்கு, இந்த நாட்டில் அவள் கழித்த வருடங்களுக்கெல்லாம் இருக்கும் ஒரே அத்தாட்சி. அது வேறொருவரின் நகல் என்று பெயர் விழுந்தால் அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவள்மேல் பாசமாகவும் இருந்தது.

ஹமீதிடம் போனேன். கண்ணாடி கழன்றது. அதே பழைய கேள்வி: இந்தப் போட்டி முடிஞ்சதும் நமக்கு என்ன தெரியணும்? ஆறில் எது சிறந்தது என்று தெரிய வேண்டும் என்றேன். இரண்டை மோதவிடாமல் வைத்தால் அது தெரியுமா என்றார். தெரியாது. "அப்ப ஏன் என்கிட்ட கேக்கறீங்க?" என்றார்.

ரவுண்ட் ராபின் என்று முடிவானது. அதிலும் ஒரு வழக்கம் உண்டு: உறவுக்கார ப்ரோக்ராம்களை முதல் சுற்றிலேயே மோதவிட்டுவிடுவது, கடைசியில் விட்டுக்கொடுக்க இடம் வராமல் இருக்க. உறவு இல்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டதால் அதையும் செய்ய முடியாது. சீட்டுக் குலுக்கினேன். நொய்யலும் அமராவதியும் கடைசிச் சுற்றில் வந்து விழுந்தன. பிரபாகருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் விலகவும் இல்லை.

போட்டி ஒரு சனிக்கிழமை காலை. கீழே கடையில் முறுக்கு. சாட் அறையில் ஆறு பேரும், வேடிக்கை பார்க்க வந்தவர்களும். சுற்று சுற்றாக ஆட்டம் போனது. நொய்யலும் அமராவதியும் மற்ற நான்கையும் ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சம புள்ளியோடு கடைசிச் சுற்றுக்கு வந்து சேர்ந்தன. மற்றவை எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில். இனி ஜெயிப்பது முதலிடம், தோற்பது இரண்டாமிடம். வாழ்த்துச் சொல்ல வேண்டிய நேரத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு சொல் தட்டினார்கள். அதற்குமேல் ஒன்றுமில்லை.

நல்ல ஆட்டம். எனக்கே புரிகிற அளவுக்கு நல்ல ஆட்டம். முடியும் தறுவாயில் அமராவதியின் சின்னக் கூட்டம் ஒன்று, நொய்யலின் பெரிய கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. கோ ஆட்டத்தில் இப்படி ஒரு நிலை எப்போதாவது வரும். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். யார் முதலில் கைவைக்கிறார்களோ அவர்கள் செத்தார்கள். அதனால் இருவரும் தொடாமல் விட்டுவிடுவார்கள். தொடாமல் விட்டால் இரண்டுமே உயிரோடு இருக்கும். செக்கி என்று அதற்குப் பெயர். செக்கியில் நிற்கும் கற்களை உயிருள்ள கற்களாகவே எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் அமராவதி கொஞ்சப் புள்ளியில் ஜெயித்துவிட்டது. நான் மனசுக்குள் சுகந்திக்குப் பூரிப்போடு கைதட்டிவிட்டேன்.

ஆனால் திரையில் நொய்யல் வெற்றி என்று வந்தது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு ப்ரோக்ராம்களும் பலகையில் எவையெல்லாம் செத்த கற்கள் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையே சொன்னால் சர்வர் அந்தக் கற்களை எடுத்துவிட்டுப் புள்ளி போட்டுவிடும். வேறு வேறாகச் சொன்னால் ஆட்டம் மறுபடி தொடரும். செத்தது என்று சொல்பவர் அதைப் பிடித்துக் காட்ட வேண்டும், பிடிக்க முடியாவிட்டால் உயிருள்ளது என்று கணக்கு. அன்றைக்கு அந்தச் சின்னக் கூட்டம் செத்தது என்று நொய்யல் சொன்னது. அமராவதியும் அதையே சொன்னது. தன் சொந்தக் கற்களைப் பற்றி. செத்தவரே வந்து, ஆமாம் நான் செத்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

இந்தத் தப்பு இத்தனை நாள் ஏன் வெளியே தெரியவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். மற்ற ப்ரோக்ராம்களோடு ஆடும்போது எதிராளி சரியாகச் சொல்லிவிடும், ஆட்டம் தொடரும், பிடிக்க முடியாது, கணக்கு நேராகிவிடும். ஒரே தப்பு இரண்டு பக்கமும் இருந்தால்தான் அது நிற்கும். உலகத்திலேயே இந்த இரண்டு ப்ரோக்ராம்கள் மோதினால் மட்டும் நடக்கக்கூடிய தப்பு. ஸ்விஸ் வைத்துத் தள்ளி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. நகல் சோதனையில் செத்த கல்லைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை, எல்லா ப்ரோக்ராமும் அதில் ஏறக்குறைய ஒரே பதில்தான் சொல்லும் என்பதால்.

போன் அடித்தது. சுகந்தி. "அக்கா, என் கூட்டம் சாகலீங்க்கா, அது செக்கி," என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே நின்றுவிட்டாள். பிறகு குரல் இறங்கி, "ஒண்ணுமில்லீங்க்கா. விட்ருங்க. அவரே ஜெயிச்சதா இருக்கட்டும்," என்றாள்.

ஏன் நிறுத்தினாள் என்று எனக்கு உடனே புரிந்தது. தன் கற்கள் உயிரோடு இருந்தன என்று வாதாடினால், தன் ப்ரோக்ராமுக்குள் நொய்யலில் இருக்கும் அதே தப்பு இருக்கிறது என்று ஊருக்கே சொன்னதாகும். ஆட்டத்தை ஜெயிக்க வாய் திறந்தால் ப்ரோக்ராமே போய்விடும். வாயை மூடிக்கொண்டு தோற்பது மேல் என்று ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டாள். 

அதற்குள் சாட் அறையில் வேடிக்கை பார்த்தவர் ஒருவர், அது செக்கி அல்லவா என்று கேட்டுவிட்டார். இன்னொருவர், இரண்டும் எப்படி ஒரே தப்பைச் செய்தன என்றார்.  எல்லோருக்கும் பிரபாகரின் புகார் தெரியும்.

ஹமீது எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார். இரண்டு பேரையும் போனில் ஒன்றாகக் கூப்பிடச் சொன்னார். தகராறு வந்தால் அவருக்கு ஒரு நடைமுறை உண்டு. எந்தப் பக்கத்துக்காரரும் தன் வாதத்தைச் சொல்லக் கூடாது. எதிராளி என்ன சொல்லுவார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எதிராளி அதை, ஆமாம் நான் சொல்ல நினைத்தது அதுதான் என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் சொந்தப் பேச்சு. பாதித் தகராறுகள் அந்த இடத்திலேயே கரைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இவர்கள் இருவரும் பிரிந்த பிறகு ஒருவர் குரலை ஒருவர் கேட்பதே அன்றுதான். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பிரபாகர், நீங்க சொல்லுங்க," என்றார் ஹமீது. "சுகந்தி என்ன சொல்லுவாங்க?"

 பிரபாகர் பக்கம் ஏதோ டிராஃபிக் சத்தம் கேட்டது. நான் நினைத்தேன், பார்த்தீர்களா நகல் என்று அன்றைக்கே சொன்னேனே என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று. சொல்லியிருந்தால் அவர் பக்கம்தான் சாட்சி நின்றிருக்கும்.

"அது செக்கி, என் கல்லு உயிரோட இருக்குதுன்னு சொல்லுவா," என்றார். பிறகு, "அந்தச் செத்த கல்லுப் பாக்கற பார்ட் அவ எழுதினதுன்னும் சொல்லுவா. ஆரம்பத்துல இருந்தே அவளோடதுதான், அதனாலதான் அத மாத்தாம வெச்சிருக்கறேன்னு சொல்லுவா."

"சுகந்தி, நீங்க சொல்ல நினைச்சது இதுதானா?"

"ஆமாங்க." அவ்வளவு சின்னக் குரல் அது.

"சரி. இப்ப உங்க பக்கம், பிரபாகர்."

"என் பக்கம் ஒண்ணுமில்லீங்க," என்றார். "அவ சொல்றது நிஜம். அந்த பார்ட்ல நான் ஒரு லைன் எழுதல. எனக்கு அது புரியவே புரியாது. அப்படியே எடுத்து வெச்சுக்கிட்டேன்."

ஹமீது கண்ணாடியைக் கழற்றினார். இப்போது சுகந்தியின் முறை. பிரபாகர் என்ன சொல்லுவார் என்று அவள் சொல்ல வேண்டும்.  மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழத்தான் செய்தாள், ஆனால் குரலில் ஒரு சிரிப்பும் சேர்ந்திருந்தது.

"தப்போட சேத்தே எடுத்து வெச்சுக்கிட்டீங்க," என்றாள்.

பிரபாகர் சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஹமீது மட்டும் சிரிக்காமல், டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தீர்ப்பு. முடிவை மாற்றி அமராவதி ஜெயித்ததாகப் போடுங்கள் என்று பிரபாகரே கேட்டார். ஹமீது மறுத்துவிட்டார். ஆடியவை ப்ரோக்ராம்கள், நீங்கள் இருவருமல்ல. ஆடியவை இரண்டும் ஒப்புக்கொண்டுவிட்டன. அதை மனிதர்கள் வந்து திருத்த ஆரம்பித்தால் நாளைக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவர் வந்து நிற்பார் என்றார். சரி, நகல் விவகாரம்? அதைப் போட்டிக்கு முன்பே விசாரித்து முடித்தாயிற்று, கல் வைத்த பிறகு திறப்பதில்லை என்றார். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். அமராவதி ஜெயித்த ஆட்டம் அது. இத்தனை விதி பேசுகிற மனுஷன் இந்த ஒரு நாள் வளைந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

அவர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "பிரபாகர், எங்ககிட்ட இன்னொரு விதி இருக்கு. யார் யார் எழுதின கோடிங் உள்ள இருக்கோ, அத்தனை பேரையும் எழுதினவங்கன்னு போடணும். அத நாங்க எப்ப வேணா திருத்தலாம். நீங்க சொன்னா."

"போடுங்க," என்றார் பிரபாகர். "அப்பவே போட்டிருக்கணும்."

அதோடு நிற்கவில்லை. சாட் அறைக்குப் போய், எல்லோருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில், நொய்யலின் செத்த கல் பார்க்கும் பகுதியை எழுதியவர் சுகந்தி என்றும், தன் புகார் தவறு என்றும் எழுதினார். சுற்று முடிந்ததும் சொல்ல வேண்டிய நன்றியையும் அவளுக்குச் சொன்னார். அவளும் சொன்னாள். அதற்குமேல் அவர்களுக்குள் என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. அவர் நியூ ஜெர்சியிலும் அவள் டெக்சாஸிலும் அவரவர் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், இருக்கிறார்கள். நல்லவேளை, யாரும் அவர்களைச் சேர்த்துவைக்கக் கிளம்பவில்லை.

முடிவுப் பக்கத்தை வெளியிடுவது என் வேலை. ஹமீது பின்னால் நின்றுகொண்டிருக்க, நான் ஒவ்வொரு வரியாகத் தட்டினேன். முதலிடம் நொய்யல், எழுதியவர்கள் பிரபாகர், சுகந்தி. இரண்டாமிடம் அமராவதி; எழுதியவர் சுகந்தி. தட்டி முடித்துவிட்டுத்தான் இரண்டு வரியிலும் ஒரே பெயர் நிற்பதைப் பார்த்தேன். திரும்பி ஹமீதைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் போலிருக்கிறது. ஃப்ளாஸ்கை மூடிக்கொண்டு, முறுக்கு வாங்கிவரக் கீழே போய்விட்டார்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சுகந்தி மறுபடி கூப்பிட்டாள். முடிவுப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை ஒரு இன்டர்வியூ இருக்கிறது என்றாள். அப்புறம் கேட்டாள்:

"ஏனுங்க்கா, ரெஸ்யூம்ல ஃபர்ஸ்ட்டுன்னு போடறதா, செகண்டுன்னு போடறதா?"

"ரெண்டையும் போடு," என்றேன்.

போட்டாள்.